பழமையும் கிழமையும்

ஒரு கருத்தைக் குறிக்க ஒரு மொழியிற் பல சொற்கள் வழங்குமாயின், அவை யாவும் தம்முள் வேறுபாடில்லாதன என்று கொள்ளுதல் பொருந்தாது. காலத்தால் முந்தியதைக் குறிக்கும் பழமை, முதுமை, தொன்மை, கிழமை என்னும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். இவற்றின் வேறுபாட்டை, நம் மலையகத்து நல்லதண்ணி, மஸ்கெலியா வட்டாரத்தின் வாழ்வோடு இயைத்து ஈண்டு ஆராய்வாம்.

பழையது என்பது புதியதற்கு மறுதலை. ஒன்று நீங்கி அதனிடத்தே மற்றொன்று வந்தபோது இச்சொல் பெரிதும் வழங்கும். பழைய சட்டை என்போம். முதிய சட்டை என்னோம். 1969ஆம் ஆண்டில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது, மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்க, மேட்டு நிலத்திற் புதிய நகரம் எழுந்தது. மூழ்கிய ஊர் பழைய மஸ்கெலியா ஆயிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால், சிவனொளிபாத மலை நோக்கி நல்லதண்ணிக்குச் செல்வோர் அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்களைக் காண்பர்.

முதுமை அத்தகையதன்று. ஒன்று தன்னிடத்திலேயே நின்று வளர்ந்து நிறைதலே முதிர்தல். தேயிலை மலையில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கொய்வோர், முதிர்ந்த இலையை விலக்குவர்; அவ்விலை பழையதன்று, வளர்ச்சி முற்றியது. அகவை நிறைந்தவரை முதியவர் என்கிறோம். பழையவர் எனின் நெடுநாட் பழகியவர் என்றே பொருள்படும். தொன்மையோ தொடக்கத்தை நோக்குவது; தொல்காப்பியம் என்னும் பெயரிலும் அச்சொல்லே நிற்கின்றது.

இனிக் கிழமை என்பதைக் காண்பாம். இன்று கிழவன் என்பது முதியவனையே குறிக்கின்றது. ஆயின், பண்டைத் தமிழில் அதன் பொருள் உரியவன் என்பதாம். தொல்காப்பியம் அகப்பொருட் டலைமக்களைக் கிழவன், கிழத்தி என்றே வழங்கும், அவர்கள் இளையோரே. ஞாயிற்றுக்கிழமை என்பதும் ஞாயிற்றுக்கு உரிய நாள் என்பதேயாம். திருக்குறளின் 81ஆம் அதிகாரம் பழைமை என்னும் பெயருடையது. நெடுநாள் நட்பினால் விளையும் கிழமையை, அஃதாவது உரிமையை, அது பேசுகின்றது. நெடிது பழகுதல் உரிமையைத் தரும் என்பதே அதன் உட்கிடை.

இக்கருத்து நம்மவர்க்கு ஏட்டளவில் நிற்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்குமாகத் தமிழகத்தினின்று வந்தோரின் மரபினர், தலைமுறை தலைமுறையாக இம்மலைகளிற் பழகினர். எனினும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடத்தும் தந்தை இங்குப் பிறந்தமைக்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமைக்கோ சான்று வேண்டிற்று. ஏட்டிற் பதிவு பெறாத பிறப்புகளையுடைய மக்கள் அதனை எங்ஙனம் காட்டுவர்? பழமை இருந்தும் கிழமை மறுக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் பல்லாயிரவர் இந்தியா சென்றனர். எஞ்சியோருள் அதுவரை நாடற்றிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது.

எனினும், வாழும் லயத்திற்கும் அதன் நிலத்திற்கும் உறுதியில்லாத குடும்பங்கள் இன்றும் பல உள. பழகிய நிலத்தின்மேற் பழகியவர்க்கு உரிமை உண்டென்பதை நம் முன்னோர் சொல்லிலேயே பொதிந்து வைத்தனர். அப்பொருளை வாழ்விலும் நிறைவேற்றுதல் கற்றார் கடனாகும்.