காற்றையும் கடவாத கதிர்

எக்ஸ் கதிர் என்றதும் எலும்பைப் படம் பிடிக்கும் கதிரே நம் நினைவுக்கு வரும். அதற்கு இளவல் ஒருவன் உண்டு. அவனே மென் எக்ஸ் கதிர். 1000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இக்கதிர், காற்றில் இரண்டரை மில்லிமீட்டர் செல்வதற்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். இத்தகைய கதிரை அளப்பது எங்ஙனம்? அதனைக் காண்போம்.

வெற்றிடக் கலத்தில் ஓர் உலோகத் துண்டை வைத்து, நானோநொடி அளவே நீடிக்கும் வலிய இலேசர் துடிப்பை அதன்மீது குவிக்கின்றனர். அவ்விடத்து உலோகம் ஆவியாகி, எலக்ட்ரான்கள் பிரிந்து, பிளாஸ்மா ஆகிறது. அதன் வெப்பநிலை 100 எலக்ட்ரான் வோல்ட் என்றால், ஏறத்தாழ 11.6 இலட்சம் கெல்வின் என்று பொருள்! எந்த வெப்பமானியை அங்கே நுழைப்பது? அது வெளிவிடும் மென் எக்ஸ் கதிரே வெப்பமானி.

கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டில் இடித்த மாவை இரண்டு சல்லடைகளில் சலிப்பார்கள். எதில் எவ்வளவு இறங்கியது என்பதைக் கொண்டே மாவின் நயத்தைச் சொல்லிவிடலாம். அதுபோலவே, இரண்டு சிலிக்கான் டையோடுகளின் முன்னே வெவ்வேறு தடிப்புள்ள அலுமினியத் தகடுகளை வைக்கின்றனர். 5 மைக்ரோமீட்டர் தகடு, 1000 எலக்ட்ரான் வோல்ட் கதிரில் ஐந்தில் ஒரு பங்கையே விடும். 1500 எலக்ட்ரான் வோல்ட் கதிரில் பாதிக்கு மேல் விடும். பிளாஸ்மாவின் வெப்பம் ஏற ஏற ஆற்றல் மிக்க கதிர்கள் பெருகும். ஆகவே, தடித்த தகட்டைக் கடந்ததற்கும் மெல்லிய தகட்டைக் கடந்ததற்கும் உள்ள விகிதமும் உயரும். அவ்விகிதமே வெப்பநிலையைக் கூறிவிடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை! தகட்டின் தடிப்பு 5 மைக்ரோமீட்டருக்குப் பதில் 6 ஆக இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு ஏழில் ஒரு பங்காகிவிடும். கணக்கிட்ட வெப்பநிலையும் பொய்த்துவிடும். நம் ஆய்வகத் திருகு அளவியின் மீச்சிற்றளவோ 0.01 மில்லிமீட்டர், அதாவது இத்தகட்டின் தடிப்பைப்போல் இரு மடங்கு! பின் என் செய்வது? 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தகட்டை எடை போட்டால் 135 மில்லிகிராம் இருக்கும். எடையைப் பரப்பாலும் அடர்த்தியாலும் வகுத்தால் தடிப்பு கிடைக்கும். நாம் சலிப்போடு தொடும் அதே ஆய்வகத் தராசு இதற்குப் போதும்.

இந்தியாவில் இலேசர் பிளாஸ்மா ஆய்வு நடைபெறும் இடங்களுள் ஒன்று இந்தூர். 1984-இல் அங்கே தோன்றிய உயர் தொழில்நுட்ப மையம், 2005-இல் இராஜா இராமண்ணாவின் பெயரைப் பெற்றது. இவ்வாய்வின் பயனும் சிறிதன்று. வெள்ளீயத் துளிகளை இலேசரால் தாக்கிப் பெறும் 13.5 நானோமீட்டர் கதிரைக் கொண்டே இன்று மிக நுண்ணிய கணினிச் சில்லுகள் அச்சிடப்படுகின்றன. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில், இலேசர் உண்டாக்கிய எக்ஸ் கதிர்கள் எரிபொருள் உருண்டையை அழுத்த, 2.05 மெகாஜூல் இலேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் கிடைத்தது.

இலேசர் நம் கல்லூரியில் இல்லாதிருக்கலாம். எனினும், அளவீட்டில் நேர்மை என்னும் முதற்பாடம் நம் தராசிலேயே இருக்கிறது. அதை இங்கேயே கற்போம், தோழர்களே!