உஷார்! கராஜில் கிளம்பும் புகை வீட்டுக்குள்தான் வருகிறது

கராஜ் கதவை ஒரு அடி தூக்கிவிட்டு உள்ளே நின்று ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவர்களே, வெல்டிங் வைக்கிறவர்களே, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் தலைக்கு மேலே இருக்கும் அறையில் யார் படுக்கிறார்கள்? மார்க்கம், ஸ்கார்பரோ, பிராம்ப்டன், ஏஜாக்ஸ் என்று நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் கராஜ் வீட்டோடு ஒட்டியே வருகிறது. பல வீடுகளில் அதற்கு நேர் மேலே ஒரு படுக்கையறை. நடுவில் சுவர் இருக்கிறது, தளம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். காற்றுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே ஏறி, மாடி ஜன்னல் இடுக்கு, கூரைப் பரண் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். போன காற்றுக்கு ஈடாகக் கீழ்த்தளம் எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். வயர் போன ஓட்டை, குழாய் போன ஓட்டை, ஜிப்சம் பலகையின் இணைப்பு, கராஜிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கதவின் அடியில் இருக்கும் இடைவெளி என எல்லாமே அதற்கு வழி. அந்த நேரத்தில் டிரையரும் அடுப்படிப் புகைபோக்கியும் சேர்ந்து ஓடினால் இழுப்பு இன்னும் கூடும். கராஜ் ஒட்டிய வீடுகளின் உள்காற்றில் பென்சீன் கூடுதலாக இருப்பதை கனடாவின் மத்திய சுகாதாரத் துறை அளந்தே சொல்லியிருக்கிறது. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நீங்கள் ஒன்றுமே செய்யாமல், காரையும் பெட்ரோல் கேனையும் சும்மா நிறுத்திவைத்திருந்தாலே அது உள்ளே வரும். அதன்மேல் தின்னரும் வார்னிஷும் வெல்டிங் புகையும் சேர்ந்தால்?

“கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறேனே” என்பார்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். கராஜின் பெரிய கதவை முழுக்கத் திறந்துவைத்து, குளிர்ந்து கிடந்த காரை இரண்டே நிமிடம் ஓடவிட்டு வெளியே எடுத்தார்கள். கராஜுக்குள் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 500 பங்கு வரை ஏறியது. பத்து மணி நேரம் கழித்தும் அளக்கும்படியான மிச்சம் அங்கே இருந்தது. கதவு திறந்திருப்பதால் மட்டும் காற்று வெளியே போய்விடாது. பல நாட்களில் அந்தத் திறந்த கதவு வழியாக வெளிக்காற்று உள்ளே அடித்து, புகையை வீட்டுப் பக்கம்தான் தள்ளும்.

அதைவிட ஆபத்தான வேலை ஒன்று இருக்கிறது. பெட்டி ஃபேனை கராஜ் வாசலில் வைத்து, நல்ல காற்று வரட்டும் என்று உள்நோக்கி ஓடவிடுவது. இப்படிச் செய்தால் கராஜில் காற்றழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் புகையை எல்லா ஓட்டை வழியாகவும் வீட்டுக்குள் திணிக்கும். வெல்டிங் வைத்தவருக்கு மூச்சு லேசாக இருக்கும், மாடியில் இருப்பவருக்குத் தலைவலி. ஃபேன் எப்போதும் கராஜ் காற்றை வெளியே இழுக்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் வெளிக்காற்று நுழைய ஒரு வழியும் வேண்டும். அப்போது கராஜின் அழுத்தம் வீட்டைவிடக் குறைந்து, காற்று வீட்டிலிருந்து கராஜுக்குப் போகும், திரும்பி வராது.

இழுக்கும் ஃபேன் என்றதும் குளியலறைக்கு வாங்கிய சின்ன ஃபேன் ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். இருபதடிக்கு இருபதடி, எட்டடி உயரம் என்றால் கராஜில் 3,200 கன அடி காற்று. நிமிடத்துக்கு 50 கன அடி இழுக்கும் ஃபேனுக்கு அதை ஒரு முறை மாற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரும் பெட்ரோல் கேனும் கசியவிடும் ஆவிக்கு அது உதவும். பெயிண்ட் அடிக்கும்போது எழும் மேகத்துக்கு அது எந்த மூலைக்கு? சரி, பெரிய ஃபேனாக மாட்டலாம் என்றால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே ஓட்டைகளை அடைக்காமல், வெளிக்காற்றுக்கும் வழி விடாமல் பெரிய ஃபேனை ஓட்டினால், அது கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாயில் மேலே போக வேண்டிய புகையையே கீழே இழுத்துவிடும். ஆகவே முதலில் அடைப்பு, அப்புறம் ஃபேன். நடுக்கதவுக்குச் சுற்றிலும் ரப்பர் பட்டை, தானாக மூடிக்கொள்ளும் கீல், ஓட்டைகளுக்குத் தீ தாங்கும் சீலன்ட். கராஜுக்குள் ஃபர்னஸின் காற்றுக்குழாய் திறப்பு ஏதாவது இருந்தால், அதை அடைக்காமல் அங்கே எந்த வேலையும் தொடங்காதீர்கள். அது வீடு முழுக்கப் புகையைப் பரிமாறும்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க சாமி அறையில் இருக்கும் ஊதுபத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு, நடுக்கதவை விரல் அளவு திறந்து, வீட்டுப் பக்கம் நின்று ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை கராஜை நோக்கி ஓட வேண்டும். உங்கள் முகத்தில் அடித்தால் ஏற்பாடு தவறு. கராஜில் தின்னரோ பெட்ரோலோ வாடை அடிக்கும் நாளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்!

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். அந்தப் பக்கம் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடர் எரிந்துகொண்டிருந்தால் போதும். பெட்ரோலுக்குத் தீப்பற்ற மைனஸ் 40 டிகிரிக் குளிரும் தடை இல்லை. சாதாரண ஃபேன் மோட்டாரின் பொறியே தின்னர் ஆவியைக் கொளுத்திவிடும். ஆகவே ஸ்ப்ரே வேலைக்கு, மோட்டார் காற்றோட்டப் பாதைக்கு வெளியே இருக்கும் வகை ஃபேன்தான் வேண்டும்.

இனி விஷம். பிரேக் கிளீனர் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். குளோரின் கலந்த வகையாக இருந்து, அதைத் தெளித்துத் துடைத்த இரும்பில் வெல்டிங் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. இருமல் வந்து அடங்கிவிட்டது என்று தூங்கப் போனவருக்கு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். மருத்துவமனைக்குப் போனால் என்ன தெளித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். துத்தநாகப் பூச்சு போட்ட குழாயை வெல்டிங் செய்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும். இதெல்லாம் போக, வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்திவிட்டது.

காருக்கு அடிக்கும், ஹார்டனர் கலக்கும் கிளியர்கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். என்95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். காற்று சுத்திகரிப்பான் என்று விற்கும் பெட்டியின் ஹெப்பா வடிகட்டியும் அப்படியே. என்னைக் கேட்டால், வீட்டோடு ஒட்டிய கராஜில் அந்தக் கிளியர்கோட்டை அடிக்கவே கூடாது. அதற்கென்று பூத் வைத்திருக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

விசேஷம் வந்தால் கராஜில் புரோப்பேன் அடுப்பை வைத்து அண்டாவில் பொரிப்பதும் இதே கணக்கில்தான் சேரும். வாசமான புகையிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கில், அடைபட்ட புகைக்குழாயால் கார்பன் மோனாக்சைடு வீட்டில் நிறைந்து, ஹாக்கின்ஸ் குடும்பத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இறந்துபோனார்கள். அதன் பிறகு வந்ததுதான் 2013ஆம் ஆண்டின் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம். கராஜ் ஒட்டிய வீட்டிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்றானது. அலாரம் இருக்கிறதே என்று அயர்ந்துவிடவும் முடியாது. அது தின்னருக்கும் வெல்டிங் புகைக்கும் கத்தாது. கார்பன் மோனாக்சைடே ஆனாலும், பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை பேசாமல் இருக்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் என்றால், பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களையும் எழுப்பிக்கொண்டு வெளியே போய் 911ஐ அழையுங்கள்.

அந்த அலாரத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களின் ஆயுள் ஏழு முதல் பத்து வருடம்தான். மாற்ற வேண்டிய தேதி அங்கேயே அச்சிட்டிருக்கும். வீடு வாங்கும்போதே சுவரில் இருந்த பழைய அலாரம் என்றால் இன்றைக்கே பாருங்கள்.