ராமானுஜன் போட்ட அப்ளிகேஷன்!

கெலவரப்பள்ளியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ரெஸ்யூமோடு கிளம்பியாச்சா? மேலே வைத்திருக்கிற கவரிங் லெட்டர் நெட்டில் சுட்டதுதானே? அதைக் கிழிச்சுப் போடுங்க!

'அரியர் இருக்கே, என்னத்தை எழுதறது?' என்று முழிக்கிறீர்களா? கணித மேதை ராமானுஜனுக்கும் இதே சிக்கல்தான். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலைக்கு விண்ணப்பித்தார். நாலைந்து வரிதான். மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படிப்பு, சூழ்நிலையால் மேலே தொடர முடியவில்லை, அதுமுதல் முழு நேரமும் கணிதம்தான், இந்த வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது... அவ்வளவே! பொய்யும் இல்லை, புலம்பலும் இல்லை. கூடவே, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் சிபாரிசு. மார்ச் 1-ம் தேதி வேலை. மாசம் 30 ரூபாய் சம்பளம்.

நீங்களும் எந்த வேலைக்கு என்பதை முதல் வரியிலேயே சொல்லிடுங்க. 'கடின உழைப்பாளி' என்று எல்லோரும்தான் எழுதறாங்க. ஒர்க்‌ஷாப்பில் நீங்க கையால் செஞ்ச ப்ராஜெக்ட் என்ன, அதைச் சொல்லுங்க. எத்தனை அரியர், எப்போ எழுதப்போறீங்க? அதுக்கு ஒரே வரி போதும். முக்கியமா, டைட்டனுக்கு எழுதினதை அப்படியே அசோக் லேலண்டுக்கு அனுப்பாதீங்க. லாரி கம்பெனியில் போய் 'சின்ன வயசிலிருந்தே வாட்ச் என்றால் உயிர்' என்றால் ஹெச்.ஆர். என்னதான் செய்வார், பாவம்!