கணக்குக் குழுவா, சாதி வரிசையா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்கள் பிரித்தார்கள். பின்னர் தொடுதிரைப் பலகைகளும் வரத் தொடங்கின. முறை நல்லதுதான். அரும்பில் யார் உட்காருகிறார்கள், எத்தனை மாதம் உட்காருகிறார்கள் என்பதே நம் கேள்வி.

பருத்தி எடுக்கும் அம்மாவின் கூலியை மனக்கணக்காகச் சொல்லும் பிள்ளை, நோட்டில் 23 என்பதை இரண்டு பத்து, மூன்று ஒன்று என்று பிரிக்கத் தடுமாறும். நாற்பது பேர் வகுப்பில் அது ஆசிரியர் கண்ணில் படாது. ஏழெட்டுப் பேர் குழுவில் உடனே பட்டுவிடும். சிறு குழுவின் பலன் இதுதான்.

இது சோதித்துப் பார்த்த வழி. 2001ஆம் ஆண்டு தொடங்கி மும்பை, வடோதரா அரசுப் பள்ளிகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளுக்கு, அதே பகுதி இளம்பெண்கள் தினமும் இரண்டு மணி நேரம் தனியே சொல்லிக்கொடுத்தார்கள். வடோதராவில் 4ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணினிக்கு இருவராக அமர்ந்து, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாடினார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அதை ஆராய்ந்தார்கள். மதிப்பெண் ஏறியது, கணக்கில் கணினியால் இன்னும் கூடுதலாக ஏறியது. நிறுத்திய ஓராண்டில் பலனில் பெரும்பகுதி கரைந்தும் போனது. ஆகவே பிள்ளையின் கை கருவியில் பட வேண்டும். பாதியில் நிறுத்தவும் கூடாது.

பள்ளியில் அம்பேத்கரைக் கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தபோது, பலகைக்குப் பின்னாலிருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சக மாணவர்கள் ஓடிப்போய் எடுத்ததை அவர் வரலாறு சொல்கிறது. இன்று அந்த இடத்தில் தொடுதிரை இருக்கிறது. அதைத் தொட எந்தத் தெருப் பிள்ளை அழைக்கப்படுகிறது?

‘காலனிப் பிள்ளைக்குக் கணக்கு வராது’ என்பவர்களுக்குக் குழுமூர் அனிதாவை நினைவூட்டுவோம். 2017 பிளஸ் டூ தேர்வில் அவர் கணிதத்தில் 200க்கு 200.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை எந்தக் குழு? கடைசியாக எப்போது சோதித்து மாற்றினீர்கள்? இந்த வாரம் திரையைத் தொட்டதா? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.