இரண்டு சொல், ஒரு வினை

ஆங்கிலத்தில் 'ஹி ரேன் அப் எ ஹில்' என்றால் ஒருவன் குன்றின்மேல் ஓடி ஏறினான் என்று பொருள். 'ஹி ரேன் அப் எ பில்' என்றால் கடைக்கணக்கில் கடனை ஏற்றிக்கொண்டே போனான் என்று பொருள். கண்ணுக்கு இரண்டும் ஒரே வார்ப்பு. இலக்கண நோக்கிலோ இவை வெவ்வேறு இனம். முதல் தொடரில் 'அப்' குன்றோடு சேர்ந்து இடத்தைச் சுட்டுகிறது. பெயருக்கு முன் நின்று, நம் வேற்றுமை உருபின் பணியை ஆற்றும் முன்னிடைச்சொல் அது. இரண்டாம் தொடரில் அதே 'அப்' பெயரை விட்டு வினையோடு ஒன்றி, 'ரன்' என்னும் சொல்லின் பொருளையே வேறாக்கிவிடுகிறது. இவ்வாறு வினையும் இடைச்சொல்லும் கூடி ஒருபொருள் தரும் அமைப்பே தொடர்வினை.

இரண்டையும் பிரித்தறிய ஊகம் வேண்டா. சொற்களை இடம் மாற்றிப் பார்த்தாலே போதும். 'ரேன் எ பில் அப்' என்று இடைச்சொல்லைப் பெயருக்குப் பின் தள்ளலாம். 'ரேன் எ ஹில் அப்' என்பது ஆங்கிலேயர் வாயில் வாராது. 'அப் த ஹில் ஹி ரேன்' என்று குன்றை 'அப்'போடு சேர்த்துத் தொடரின் தலைக்குக் கொண்டுவரலாம். கடனுக்கு அந்த உரிமை இல்லை. செவிக்கும் ஒரு சோதனை உண்டு. 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' அழுத்தமிழந்து மெலிகிறது. அகராதியில் சொல்லைத் தேடச் சொல்லும் 'லுக் இட் அப்' என்பதில் 'அப்' அழுத்தம் பெற்று ஓங்குகிறது. ஆங்கிலத்தை ஏட்டின் வழியே பயிலும் நமக்கு இச்சான்று பெரும்பாலும் எட்டுவதில்லை. பட்டியலை மனப்பாடம் செய்கிறோம். அழுத்தம் எங்கே விழுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

இடைச்சொல் எங்கே நிற்கும் என்பதே இத்துறையின் சுவைமிக்க வினா. 'பிக் அப் த புக்' எனலாம், 'பிக் த புக் அப்' எனலாம். நூலின் பெயரை நீக்கிப் பதிலிப்பெயரை இட்டவுடன் அவ்வுரிமை பறிபோகிறது: 'பிக் இட் அப்' ஒன்றே வழக்கு. 'பிக் அப் இட்' பிழை. ஏன்? ஆங்கிலத் தொடர் புதிய செய்தியையும் கனத்த செய்தியையும் இறுதியில் வைக்க விழைவது. 'இட்' என்பது கேட்போர் முன்பே அறிந்த பொருளைக் குறிக்கும் சிறுசொல். இறுதியிடம் அதற்கு மிகை. ஆகவே அது வினைக்கும் இடைச்சொல்லுக்கும் நடுவே ஒடுங்கிக்கொள்கிறது. செயப்படுபொருள் நீண்டு, அடைமேல் அடை ஏற்றுக் கனத்துவிட்டாலோ நிலை தலைகீழாகும். திங்கட்கிழமை நடப்பதாக இருந்த நெடுங்கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள் என்பதைச் சொல்லும் ஆங்கிலேயர் 'புட் ஆஃப்' என்பதைப் பிரிக்காமல் முதலில் சொல்லிவிட்டே கூட்டத்தை விரிப்பார்; 'ஆஃப்' வரும்வரை கேட்போரைக் காக்கவைப்பது இருவர்க்கும் சுமை. பொருளின் நீளம், பழகிய செய்தியா புதிய செய்தியா என்பது போன்ற பல காரணிகள் ஒருங்கே இயங்கி இடத்தைத் தீர்மானிப்பதைச் செருமானிய மொழியியலார் சுடீபன் கிரீசு 2003இல் வெளியிட்ட நூலில் தரவுகொண்டு காட்டினார். பேசுவோர் எவரும் அறிந்து கணிப்பதில்லை. ஆயினும் கணக்கு நடக்கிறது.

இடைச்சொற்களின் பொருள் வெறும் தற்செயலா? 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்' ஆகியவற்றில் 'அப்' திசையைச் சுட்டவில்லை. வினை எச்சமின்றி முற்றியதைச் சுட்டுகிறது. நாம் 'தின்றுவிட்டான்' என்று துணைவினையால் பெறுவதை அவர்கள் ஒரு திசைச்சொல்லால் பெறுகிறார்கள். 'அவுட்' இன்னும் விந்தையானது. விண்மீன்கள் 'கம் அவுட்' என்றால் தோன்றுகின்றன. விளக்குகள் 'கோ அவுட்' என்றால் அணைகின்றன. முரண்போல் தோன்றும் இதற்கு விடை பார்வையாளன் நிற்கும் இடத்தில் உள்ளது. மறைவிலிருந்து வெளிவருவது நமக்குத் தெரியவரும். நம் எல்லைக்குள் இருந்து வெளியேறுவது மறையும். 'அப்', 'அவுட்' என்னும் இவ்விரு சொற்களையே ஆராய்ந்து சூசன் லிண்டுனர் 1981இல் கலிபோர்னியாவில் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். தொடர்வினைகள் பொருள் தொடர்பற்ற மரபுத்தொடர்கள் என்ற பழங்கருத்து அதன்பின் தளர்ந்தது. எல்லாத் தொடர்வினைகளும் இவ்வாறு விளங்கிவிடா என்பதையும் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள் எனப் பொருள்படும் 'புட் அப் வித்' இன்றும் முரண்டுபிடிக்கிறது.

இவ்வமைப்பு செருமானிய மொழிக்குடும்பத்தின் பொதுச்சொத்து. செருமன் மொழி தன் வினையின் முன்னொட்டைச் சில தொடர்களில் ஒட்டியும் சிலவற்றில் பிரித்தும் வழங்குகிறது. பழைய ஆங்கிலத்திலும் இடைச்சொல் வினைக்கு முன்னே நிற்பது பெருவழக்கு. செயப்படுபொருள் வினைக்குப் பின்னே இடம்பெயர்ந்த காலத்தில் இடைச்சொல்லும் பின்னே சென்றது. பீட்டர்பரோ மடத்து வரலாற்றேட்டின் 1137ஆம் ஆண்டுக் குறிப்பில், ஆயர்கள் தம் கோட்டைகளை ஒப்படைக்கும்வரை இசுடீபன் மன்னன் அவர்களைச் சிறையில் வைத்த செய்தி வருகிறது. அங்கே ஒப்படைத்தலுக்கு ஆளப்பட்டிருப்பது 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவமே. 1066க்குப் பின் நார்மானியர் கொணர்ந்த பிரெஞ்சுச் சொற்கள் ஏட்டையும் அவையையும் ஆண்டன. அடுப்படியிலும் வயலிலும் தொடர்வினைகள் வாழ்ந்தன. இவற்றைக் கொச்சையெனக் கருதும் மனப்போக்கின் வேர் ஒருவேளை அங்கேயே இருக்கலாம்.

1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் சான்சன், அயல்மொழியாளர்க்குப் பேரிடர் தருவது இவ்வினை வகையே என்று முன்னுரையில் குறித்தார். அதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரோ 1925இல்தான் லோகன் பியர்சல் சுமித்தின் நூலில் இடம்பெற்றது. ஆக்சுபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் என்றி பிராட்லி அதைத் தமக்குப் பரிந்துரைத்ததாக அவர் எழுதினார். 1930இல் ஆக்டன் வகுத்த 850 சொற்களாலான எளிய ஆங்கிலத்தில் வினைகள் 18 மட்டுமே. 'கெட்', 'புட்', 'கிவ்' ஆகியவற்றோடு இடைச்சொற்களைப் புணர்த்தால் மற்றவை பிறக்கும் என்பது திட்டம். சொற்கள் குறைந்தன, கற்போர் சுமை குறையவில்லை. சான்சன் சுட்டிய இடரையே அவர் எளிமையெனப் பெயரிட்டு வழங்கினார்.

தொடர்வினைகள் மூளையில் ஒரு சொல்லாக உறைகின்றனவா, இலக்கணவிதிப்படி அவ்வப்போது கோக்கப்படுகின்றனவா? பெர்ட் கப்பெல், யூரி சிட்ரோவ், பிரீடமன் புல்வர்முல்லர் ஆகியோர் மூளையின் காந்தப்புலத்தை அளந்து 2010இல் விடை தந்தனர். பழகிய சொல்லைக் கேட்கும்போது மூளையின் எதிர்வினை பொய்ச்சொல்லுக்கு எழுவதைவிட ஓங்கும். தொடரமைப்பில் பிழையான இணைப்பே மிகுதியாக எதிர்வினை எழுப்பும். 'ஹீட் அப்' போன்ற வழக்கிலுள்ள இணைப்புகள், 'கூல் அப்' போன்ற வழக்கில்லா இணைப்புகளைவிட ஓங்கிய எதிர்வினையை எழுப்பின. அதாவது அவை ஒற்றைச் சொற்களைப்போல நடந்துகொண்டன. ஆனால் எந்த ஒற்றைச் சொல்லும் தன் நடுவே ஒரு நூலையோ கோட்டையையோ ஏற்று இரண்டாய்ப் பிரிந்து நிற்பதில்லை. மூளை காட்டும் ஒருமையும் தொடர் காட்டும் பிரிவும் ஒருங்கே உண்மை என்பதால், சொல்லுக்கும் தொடருக்கும் இடையே நாம் வரைந்த கோடுதான் ஐயத்திற்குரியது.

கற்பிப்போர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அகராதிகள் இவற்றை வினையின்கீழ் அடுக்குகின்றன. 'புட்' என்பதன்கீழ் தொடர்பற்ற பொருள்கள் குவிந்து மாணவர் மருள்கின்றனர். 1989இல் வெளிவந்த கோபில்டு தொடர்வினை அகராதி, வினைவரிசையோடு இடைச்சொற்களுக்கும் தனி அட்டவணை சேர்த்தது. 'ஆஃப்' என்பதன்கீழ் விலகல், நிறுத்தம், தடுத்தல் எனப் பொருள்வகையாகத் தொகுத்துப் பயில்பவர், முன்பின் கேளாத தொடர்வினையையும் பாதிவரை ஊகித்துவிடுவார்.