ஊட்டி குளிரில் டீசல் கார் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்வது ஏன்?

காஞ்சிபுரத்தில் சாவியைத் திருப்பியதுமே ஓடத் தொடங்கும் டீசல் கார், ஊட்டியில் ஓர் இரவு வெட்டவெளியில் நின்றுவிட்டு மறுநாள் காலை மக்கர் பண்ணும். ‘டீசல் உறைஞ்சு போச்சா?’ என்பதுதான் முதலில் எழும் சந்தேகம். பெரும்பாலும் இல்லை. ஊரிலேயே இருந்த கோளாறு மலையில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது?

பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழ 16-ல் ஒரு பங்காக அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும்.

குளிரில் சில்லிட்ட எஞ்சின் இந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டியாகும், பேட்டரியின் சக்தியும் குறையும். இதைச் சமாளிக்கத்தான் ‘ஹீட்டர் பிளக்’ எனப்படும் குளோ பிளக் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதனால் பேட்டரி பலவீனமானாலும், ஹீட்டர் பிளக் பழுதானாலும் வண்டி எப்படியோ ஓடிவிடும். உறைபனி விழும் தலைகுந்தாவில் அது நடக்காது.

டீசல் உறையவே உறையாதா?

கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். இது லடாக்கின் பிரச்சினை. அங்கே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது. ஊட்டியின் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை.

என்ன செய்யலாம்?

* கிளம்பும் முன் பேட்டரி, ஹீட்டர் பிளக் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* காலையில் ஏசி, விளக்குகளை அணைத்துவிட்டு சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்புங்கள். டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணைந்த பிறகு, கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள்.
* ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துபோகலாம்.

என்ன செய்யக்கூடாது?

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. வண்டிக்கு அடியில் தீ மூட்டவே கூடாது. மண்ணெண்ணெய் கலந்தால் பம்பும் இன்ஜெக்டரும் தேயும்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், வெயில் ஏறும்வரை பொறுங்கள். ஊருக்குத் திரும்பியதும் ‘இப்போ நல்லாத்தானே ஓடுது’ என்று விட்டுவிடாமல், வண்டியைச் சோதித்துவிடுங்கள்.