கச்சேரி முடிந்த பிறகு

மதனப்பள்ளியில் ஒரு பாட்டு இரண்டே நாளில் காகிதத்துக்கு வந்தது. திருமலையில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் கல் அறைக்குள் நூற்றாண்டுக் கணக்கில் காத்துக் கிடந்தன. பழைய சித்தூர் மாவட்டத்துக் கல்வி வளாகங்கள் சொல்லும் கதை.

1919 பிப்ரவரி 26, புதன்கிழமை. மதனப்பள்ளி தியசாபிகல் கல்லூரியில் அன்று மாலை பாட்டுக் கூட்டம். வாரம் ஒரு முறை மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து தெரிந்ததைப் பாடுவது அங்கே வழக்கம். மேடை அலங்காரம் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆனால் அன்று ஒரு விசேஷம். கூட்டத்தில் ரவீந்திரநாத் தாகூர் உட்கார்ந்திருந்தார். தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்து களைத்துப் போனவர், சில நாள் ஓய்வுக்காக அங்கே தங்கியிருந்தார்.

மாணவர்கள் பாடி முடித்ததும் தாகூர் தன் பாட்டு ஒன்றை வங்காளியில் பாடினார். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் பாட்டில் வந்த ஊர்ப் பெயர்களும் நதிப் பெயர்களும் மலைப் பெயர்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு சரணம் முடிவதற்குள் மாணவர்கள் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டுதான் 'ஜன கண மன'.

அது புதிய பாட்டு அல்ல. 1911 டிசம்பர் 27 அன்றே கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் பாடப்பட்டது. ஆனால் வங்காளத்துக்கு வெளியே அதைப் புரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்தது. மதனப்பள்ளியில் அந்த வழி திறந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, தாகூர் தன் கையாலேயே அதை ஆங்கிலத்தில் எழுதி, 'இந்தியாவின் காலைப் பாடல்' என்று பொருள்படும் தலைப்பும் இட்டு, தேதியோடு கொடுத்தார். கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் இசையில் பட்டம் பெற்றவர். பாட்டின் மெட்டைக் கேட்டு ஸ்வரக்குறிப்பாக எழுதி வைத்தார். 1950 ஜனவரி 24 அன்று அந்தப் பாட்டு நாட்டின் தேசிய கீதமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கல்லூரியின் சாதாரண புதன்கிழமைக் கூட்டம் தேசத்தின் வரலாற்றில் இடம் பிடித்தது.

பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளில் இன்றும் சொற்பொழிவுகளுக்கும் பயிலரங்குகளுக்கும் கச்சேரிகளுக்கும் பஞ்சமில்லை. திருப்பதியில் மட்டும் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம், தேவஸ்தானத்தின் இசை, நடனக் கல்லூரி என்று வரிசையாக வளாகங்கள். 2015-ல் ஐ.ஐ.டி.யும் வந்து சேர்ந்தது. வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை, நாட்டுப்பண் என்று நிகழ்ச்சிகள் முடிகின்றன. அந்த நாட்டுப்பண் எந்த வளாகத்திலிருந்து ஆங்கிலத்தில் வெளியே போனது என்பது, அதற்காக எழுந்து நிற்பவர்களில் பலருக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒலிபெருக்கியை அணைத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது?

மதனப்பள்ளியில் மிஞ்சியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கல்லூரியை 1915-ல் தொடங்கியவர் அன்னி பெசன்ட். சுயாட்சி இயக்கத்தில் அவர் இறங்கியதும் கல்லூரியின் மீது அரசாங்கத்தின் கோபம் திரும்பியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு பறிபோனது. பிறகு அடையாறில் பெசன்ட் உருவாக்கிய தேசியப் பல்கலைக்கழகத்தோடு கல்லூரி சேர்ந்தது. அதன் வேந்தர் தாகூர். அரசு மதிக்காத பட்டத்துக்காகப் படித்த பிள்ளைகள் முன்னால்தான் அவர் அன்று பாடினார்.

முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸும் ஒரு வகையில் இடம் பெயர்ந்தவரே. அயர்லாந்துக் கவிஞர். பெசன்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இலக்கியப் பகுதியைக் கவனித்து வந்தவர், 1916-ல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியை ஆதரித்து எழுதியதால் அந்த வேலையை இழந்தார். அப்படி மதனப்பள்ளிக்கு வந்தவர் 1956-ல் அதே ஊரில்தான் கண்ணை மூடினார். மார்கரெட் அகில இந்திய மாதர் மாநாட்டின் தோற்றத்துக்கு முன்னின்றவர். தாங்கள் கேட்பது எழுதி வைக்கப்பட வேண்டியது என்று இந்த இருவருக்கும் தோன்றியது. அன்றைய மாலை தப்பிப் பிழைத்தது அதனால்தான்.

அப்படித் தோன்றாவிட்டால் என்ன ஆகும்? பதில் திருமலையில் கிடைக்கிறது.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408-ல் பிறந்து 1503-ல் மறைந்தவர். வேங்கடவன் மீது 32,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. அவருடைய குடும்பம் பாட்டுகளைக் காற்றில் விட்டுவிடவில்லை. 16-ஆம் நூற்றாண்டில், மகன் பெரிய திருமலாச்சாரியார் காலத்தில், அவற்றைச் செப்பேடுகளில் வெட்டி, திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு கல் அறையில் வைத்தார்கள். சங்கீர்த்தன பண்டாரம் என்று அதற்குப் பெயர். காகிதத்தைவிட, ஓலையைவிடச் செம்பு உறுதியானது. வீட்டார் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டார்கள்.

ஆனால் காலப்போக்கில் பாடுகிறவர்கள் குறைந்து போனார்கள். அறை இருப்பதே மறந்து போயிற்று. 1816-ல் வெளிவந்த ஏ.டி. காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலில் இந்தச் செப்பேடுகளைப் பற்றிய பேச்சு வருகிறது. அதற்குப் பிறகும் நூறு வருஷம் யாரும் அசையவில்லை. 1922-ல்தான் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் முயற்சியால் அவை வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள், ஏறத்தாழ 12,000 கீர்த்தனைகள்.

சாகித்தியம் முழுசாக இருந்தது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயரும் இருந்தது. ஸ்வரம் மட்டும் இல்லை. தாளமும் இல்லை. செம்பு எழுத்தைக் காப்பாற்றியது, மெட்டைக் காப்பாற்றவில்லை. மெட்டு இருந்த இடம் பாடுகிறவரின் தொண்டையும் கேட்கிற சீடனின் காதும். அந்தச் சங்கிலி அறுந்து போயிருந்தது. கொண்டமலஹரி, அபாலி போன்ற ராகப் பெயர்களைப் படிக்க முடிந்தது. பாடிக் காட்ட ஆள் இல்லை.

கோயில் அறையிலிருந்து வெளியே வந்த ஏடுகள் அடுத்து நுழைந்தது கல்வி வளாகத்துக்குள். 1939-ல் தேவஸ்தானம் திருப்பதியில் ஒரு கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. 1954-ல் ஆந்திர முதல்வர் பிரகாசம் பந்துலு காலத்தில், தேவஸ்தானம் கொடுத்த சுமார் 1,000 ஏக்கரில் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் எழுந்தபின், நிறுவனம் அதோடு இணைந்தது. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி அங்கே ஏடுகளைப் பதிப்பித்தார். அவர் 1950-ல் மறைந்தபின் பொறுப்பு ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவிடம் வந்தது.

ராள்ளபள்ளி மைசூர் மகாராஜா கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தெலுங்கு கற்பித்தவர். பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பாட்டுப் பயின்றவர். பண்டிதருக்குப் பாடத் தெரியாது, பாடகருக்கு ஏடு படிக்கத் தெரியாது என்கிற வழக்கமான சிக்கல் அவரிடம் இல்லை. வரிகளைத் திருத்தமாகப் பதிப்பித்ததோடு நிற்காமல், பல கீர்த்தனைகளுக்கு மெட்டமைத்து ஸ்வரக்குறிப்போடு வெளியிட்டார். 1974-ல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. மேடைக் கச்சேரியைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு மொழிப் பேராசிரியருக்கு அது அபூர்வமான மரியாதை.

பிறகு வேகம் பிடித்தது. 1978-ல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கியது. 1980-ஐ ஒட்டி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த 'பாலாஜி பஞ்சரத்னமாலா' இசைத்தட்டுகள் அந்தப் பாட்டுகளைத் தமிழ்நாட்டு வீடுகளின் காலை நேரத்துக்குள் கொண்டு வந்தன. அவற்றில் பல மெட்டுகள் நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி அமைத்தவை. 1997-ல் 'அன்னமய்யா' சினிமா வந்தது. இன்று கச்சேரிகளின் கடைசிப் பகுதியில் அன்னமாச்சாரியார் பாட்டு ஒன்றாவது இல்லாமல் இருப்பது அரிது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. இன்று கேட்கும் மெட்டுகள் அன்னமாச்சாரியாருடையவை அல்ல; 20-ஆம் நூற்றாண்டு வித்வான்கள் அமைத்தவை. ஏட்டில் உள்ள ராகம் ஒன்று, மேடையில் பாடப்படும் ராகம் வேறு என்பதும் சகஜம். ஒரே பாட்டுக்கு நாலு மெட்டு இருப்பதும் உண்டு. ஏடு சொன்ன ராகத்தில்தான் பாட வேண்டும் என்பது ஒரு கட்சி. பாட்டு ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. ஒன்றை மட்டும் இரண்டு கட்சியும் மறுக்க முடியாது. மெட்டை எழுதி வைக்கும் பழக்கம் அன்றே இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

அன்னமாச்சாரியார் வீட்டுக் கதையிலேயே இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. கீர்த்தனைகளின் இலக்கணத்தைப் பற்றி அவர் சமஸ்கிருதத்தில் 'சங்கீர்த்தன லட்சணம்' என்று ஒரு நூல் எழுதினார். மூலம் தொலைந்துவிட்டது. பேரன் சின்ன திருமலாச்சாரியார் அதைத் தெலுங்கில் ஆக்கியிருந்தார். அது மட்டும் மிஞ்சியது. தாத்தாவின் எண்ணம் இன்று கைக்குக் கிடைப்பது பேரனின் மொழிபெயர்ப்பால். மதனப்பள்ளியில் தாகூர் செய்ததும் இதே வேலைதான்.

தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டு விவகாரம் அல்ல. வேங்கடம் பழந்தமிழகத்தின் வட எல்லை. அன்னமாச்சாரியார் அகோபிலத்து ஜீயரிடம் நாலாயிர திவ்விய பிரபந்தம் பயின்றவர் என்கிறது அவருடைய சரித்திரம். திருமலையில் மார்கழி முழுக்க சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவைதான் ஒலிக்கிறது. இந்த மாவட்டத்து சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். மதுரை சோமுவின் குரு. 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் பெரும்பகுதி முன்பு வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடுகள் மாறின; பாட்டு கோட்டைத் தாண்டிப் போய் வந்துகொண்டுதான் இருந்தது.

மெட்டுத் தொலைந்த துக்கமும் தமிழுக்குப் புதிதல்ல. முத்துத் தாண்டவர் பதங்களுக்கும் அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகளுக்கும் பழைய மெட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவற்றைத் தேடி எடுத்து, புது மெட்டில் மேடைக்குக் கொண்டுவந்ததில் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் போன்றவர்களுக்குப் பங்கு உண்டு. அந்த முயற்சிக்கு வேகம் கொடுத்ததும் ஒரு பல்கலைக்கழக வளாகம்தான். 1941-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, தமிழ்ப் பாட்டு கச்சேரியில் எந்த இடத்தில் வர வேண்டும் என்ற சண்டையை வெளிப்படையாகத் தொடங்கி வைத்தது. பாட்டுகளைச் சேகரித்து ஸ்வரத்தோடு அச்சிடும் வேலையையும் அந்தப் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. மாநாட்டு மேடையின் பேச்சுகள் மறந்து போயிருக்கலாம். அச்சான ஸ்வரங்கள் இருக்கின்றன.

கல்லூரிகளுக்குள் கச்சேரியைக் கொண்டுபோவது இன்று நாடு முழுக்க நடக்கிறது. 1977-ல் தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய 'ஸ்பிக் மேக்கே' அமைப்பு, பெரிய வித்வான்களை மாணவர்கள் முன் இலவசமாக உட்கார வைத்தது. வித்வான் பாடுவதோடு விளக்கவும் செய்வார். மாணவன் கேள்வி கேட்கலாம். கச்சேரியும் வகுப்பும் கலந்த இந்த முறைக்குப் பலன் உண்டு. ஒரு மணி நேரம் கேட்டவனைவிட ஒரு கீர்த்தனையைக் கற்றவன் அதிகம் எடுத்துச் செல்கிறான்.

இதற்கு வசதியான இடங்களில் ஒன்று குப்பம். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் மூலையில், 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் அங்கே அமைந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் துளுவும் ஒரே வளாகத்தில். 2022-ல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதியும் மதனப்பள்ளியும் வேறு மாவட்டங்களுக்குப் போய்விட்டாலும் குப்பம் சித்தூரிலேயே இருக்கிறது. ஒரு தமிழ்ப் பதம் தெலுங்கு மாணவனுக்கும், ஒரு தெலுங்குக் கீர்த்தனை தமிழ் மாணவிக்கும் பொருளோடு புரிய வேண்டுமானால் பாடகர் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரும் உட்கார வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அவருக்கு இடம் கொடுக்க அதிகச் செலவு ஆகாது.

செலவு அதிகம் ஆகாத காரியங்கள் இன்னும் உண்டு. பயிலரங்கில் கற்றுக்கொடுத்த பாட்டின் ஸ்வரத்தை அன்றைக்கே எழுதிவிடுவது. சொற்பொழிவை ஒலிப்பதிவு செய்து, தேதியும் பேசியவர் பெயரும் குறித்து, நூலகத்தில் சேர்ப்பது. மெட்டமைத்தவர் யார் என்பதை மறக்காமல் போடுவது. இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஆனால் செல்போனில் பதிந்தது செல்போனோடு போய்விடும். பதிந்ததை ஒழுங்காக வைத்துக் காப்பதும், அடுத்த வருஷம் அதை எடுத்துப் பாடுவதும்தான் வளாகத்தின் வேலை. அறைக்குள் பூட்டி வைத்தால் அதுவும் இன்னொரு பண்டாரம்தான்.

மதனப்பள்ளியில் 1919-ல் இருந்தது ஒரு காகிதம், ஒரு பேனா, காது கொடுத்துக் கேட்ட ஒரு பெண்மணி. கூடவே, புரியாத மொழியின் பல்லவியைக் கூச்சமில்லாமல் வாங்கிப் பாடிய மாணவர்கள். அடுத்த கச்சேரிக்கு நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள், பாடுகிறவரின் பெயரோடு எழுதிக்கொள்கிறவரின் பெயரையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது.